ஒன்பது கேள்வி, ஒரே மார்க்கு – எல்லாப் பிள்ளைக்கும் பொருந்துமா?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாப் படிங்க மக்கா, மொக்கை இல்லைன்னு உத்தரவாதம் தர்றேன் :-)

இப்போ எந்தக் காலேஜை எடுத்துக்கிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பசங்க கையில ஒரு கேள்வித்தாள் கொடுக்கறாங்க. பேப்பர்ல இல்லை, கூகுள் ஃபார்ம்ல. "கடந்த இரண்டு வாரங்களில் கீழ்க்கண்ட பிரச்சினைகளால் எத்தனை நாள் பாதிக்கப்பட்டீர்கள்?" என்று ஆரம்பிக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு கட்டம். டிக் அடிச்சு அனுப்பினா மார்க்கைக் கூட்டி, இந்தப் பையனுக்கு மனச்சோர்வு இருக்கலாம், இந்தப் பொண்ணுக்கு இல்லைன்னு ஒரு பட்டியல் தயாராகிடும்.

நோக்கம் நல்ல நோக்கம். அதுல எனக்கு சந்தேகமே இல்லை. 2022-ல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்கு சொல்லுது. அதே வருஷம் டிசம்பர்ல தமிழக அரசு மருத்துவக் கல்லூரிகள்ல 'மனம்' என்ற பேர்ல மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கிச்சு. 2025 ஜூலையில உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதுக்கு மேலயோ இருக்கற எல்லாக் கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருத்தரையாவது வைக்கணும்னு சொல்லிடுச்சு. ஆக, இனிமே இந்தக் கேள்வித்தாள் குறையப் போறதில்லை. கூடத்தான் போகுது.

அதனாலதான் என் கேள்வியை இப்பவே கேட்டு வைக்கிறேன். ஒரே கேள்வித்தாள், ஒரே மார்க்கு. அது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அர்த்தம் தருதா?

தரலைன்னுதான் நான் நினைக்கிறேன். ஏன்னு சொல்றேன்.

இந்தக் கேள்வித்தாள் எங்கேர்ந்து வந்தது?

அதிகமாப் புழங்குற கேள்வித்தாள் பேரு பி.எச்.க்யூ-9. ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ், குர்ட் குரோங்கே இவங்கெல்லாம் சேர்ந்து ஃபைசர் மருந்துக் கம்பெனியோட நிதியுதவியில உருவாக்கினது. 2001-ல ஆய்வுக் கட்டுரையா வெளியாச்சு. ஒன்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 3 வரை மார்க்கு, மொத்தம் 27. 10-க்கு மேல போனா கவனிக்கணும்னு ஒரு கோடு. காசு கிடையாது, அனுமதி வாங்க வேண்டியதில்லை. ரெண்டு மூணு நிமிஷத்துல முடிஞ்சுடும். உலகம் பூரா பரவினதுல ஆச்சரியமே இல்லை.

அந்த 10-ங்கற கோடு எப்படி வந்தது? அமெரிக்காவுல 15 கிளினிக்குகள்ல 6,000 நோயாளிகள்கிட்ட கேள்வித்தாளைக் கொடுத்தாங்க. அதுல 8 பொது மருத்துவம், 7 மகப்பேறு. அவங்கள்ல 580 பேர்கிட்ட மனநல நிபுணர்கள் தனியாப் பேசிப் பார்த்தாங்க. 10-ல கோடு போட்டா, நிஜமாவே பெரிய மனச்சோர்வு உள்ளவங்கள்ல 88 சதவீதம் பேர் மாட்டறாங்க, இல்லாதவங்கள்ல 88 சதவீதம் பேர் சரியா வெளிய நிக்கறாங்க. நல்ல வேலைதான். ஆனா அது கிளினிக்குக்கு வந்த அமெரிக்கப் பெரியவங்களை வெச்சுப் போட்ட கோடு. பிள்ளையார்பாளையத்துலேர்ந்து காலேஜ் பஸ் ஏறுற 18 வயசுப் பிள்ளையை வெச்சுப் போட்டதில்லை.

எங்க ஊர் தராசுக் கதை

எங்க ஊர்ல பட்டு நூலை முதலாளி எடை போட்டுத்தான் தறிக்காரருக்குக் கொடுப்பார். புடவையை நெஞ்சு கொண்டுபோனா திரும்ப எடை போட்டுத்தான் வாங்குவார். பட்டு இருக்கே, அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். வியாபாரக் கணக்குலயே பட்டுக்கு 11 சதவீதம் ஈரம்னு ஒதுக்கி வெச்சிருக்காங்க. வெயில்காலத்துல ஒரு எடை, ஐப்பசி மழையில ஒரு எடை. தராசு பொய் சொல்லலை. ஆனா மழைக்காலம்னு யோசிக்காம கணக்கு பார்த்தா யாராவது ஒருத்தர் நஷ்டப்படணும்.

கேள்வித்தாளும் அதேதான். அது பொய் சொல்றதில்லை. எதோட ஈரத்தையோ சேர்த்து எடை போட்டுடுது.

உதாரணம் பாருங்க. ஒன்பது கேள்வியில ஒண்ணு தூக்கம் பத்தி, ஒண்ணு களைப்பு பத்தி, ஒண்ணு சாப்பாடு பத்தி. இங்கேர்ந்து ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி பக்கம் காலேஜுக்குப் போற பிள்ளைங்க விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிக்கணும். ராத்திரி வீட்டுக்கு வந்தா, தறி ஓடுற வீடா இருந்தா, கோர்வைப் புடவைக்கு அந்தப் பக்கம் உக்கார ஒரு ஆள் வேணும். ஒரே கூடம், அதுல குழித்தறி, பக்கத்துலயே பாய் போட்டுத் தூக்கம். மழைக்காலத்துல பாவு ஈரம் வாங்கிட்டா தறி ஓடாது, கூலி வராது. நவம்பர் மாசம்னா செமஸ்டர் பரீட்சையும் அப்பத்தான் வந்து நிக்கும்.

அந்த நேரத்துல இந்த ஃபார்மைக் கொடுத்தா? தூக்கம் சரியில்லை - 3. களைப்பு - 3. சாப்பாடு சரியில்லை - 2. எட்டு ஆச்சு. இன்னும் ரெண்டு மார்க்கு வந்தா கோட்டைத் தொட்டுடும். மனசு பத்தி இன்னும் ஒரு வார்த்தைகூட கேக்கலை!

ரம்ஜான் நோன்பு இருக்கற பிள்ளைக்கும் அதே கதை. கேட்ட ரெண்டு வாரம் நோன்பு ரெண்டு வாரமா இருந்தா, தூக்கம், பசி, களைப்பு மூணும் மாறித்தான் இருக்கும். ஏ.சி. ஹாஸ்டல் ரூம்ல தனியாத் தூங்கற பிள்ளைக்கு அதே 3 வந்தா அது வேற சேதி.

இங்க ஒரு விஷயத்தை நேர்மையாச் சொல்லிடணும். "அப்போ ஏழைப் பிள்ளைங்களுக்கு மனச்சோர்வு இல்லை, வெறும் களைப்புதான்"னு நான் சொல்ல வரலை. வறுமை மனசை அழுத்தும்ங்கறதும் உண்மைதான். சென்னையில நடந்த க்யூர்ஸ் ஆய்வு 2009-ல வெளியானது. 20 வயசுக்கு மேற்பட்ட 25,455 பேர். அதுல மொத்தமா 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வுன்னு வந்தது. வருமானம் குறைஞ்ச பிரிவுல 19.3, அதிகமான பிரிவுல 5.9. மூணு மடங்குக்கு மேல வித்தியாசம். ஆனா அதே ஆய்வுல, மனசு சரியில்லைன்னு சொன்னவங்க 30.8 சதவீதம், களைப்புன்னு சொன்னவங்க 30 சதவீதம். அந்த மூணு மடங்குல எவ்வளவு மனசோடது, எவ்வளவு உடம்பு உழைச்ச களைப்பு? மொத்த மார்க்கை மட்டும் பார்த்தா பிரிச்சுச் சொல்ல முடியாது. சிக்கலே அங்கதான்.

அந்த ஆய்வுக்குப் பயன்படுத்தினது பி.எச்.க்யூ-வை நம்ம மக்களுக்காகக் கொஞ்சம் மாத்தி, 12 கேள்வியாக்கின வடிவம். மாத்தணும்னு தோணினதே பாராட்ட வேண்டிய விஷயம். ஆனா அது சரியா வேலை செய்யுதான்னு 100 பேரை வெச்சுச் சோதிச்சப்போ, எதோட ஒப்பிட்டாங்க தெரியுமா? பி.எச்.க்யூ-9-ஓடவே. ஒரு படியால இன்னொரு படியை அளந்த மாதிரி. ரெண்டும் ஒத்துப்போச்சு, சரி. ஆனா முதல் படி நம்ம ஊர் அரிசிக்குச் சரியாங்கற கேள்வி அப்படியே நிக்குது இல்லையா?

சில, பல, மன அழுத்தம்

அடுத்தது பாஷை. நம்ம பதிவர்களுக்கு இது பிடிச்ச ஏரியா :-)

ஆங்கில மூலத்துல 1 மார்க்குக்கு உள்ள கட்டத்துல "செவரல் டேஸ்"னு இருக்கும். இதைத் தமிழ்ல என்னன்னு சொல்வீங்க? சில நாட்களா, பல நாட்களா? அகராதியில ரெண்டும் கிடைக்கும். ஆனா தமிழ்ல சில வேற, பல வேற. நான் பார்த்த ஒரு காலேஜ் ஃபார்ம்ல "பல நாட்கள்"னு போட்டிருந்தாங்க. அதுக்கு 1 மார்க்கு. அடுத்த கட்டம் "பாதி நாட்களுக்கு மேல்", அதுக்கு 2. பல நாள்னா பாதிக்கு மேல இல்லையா? பையன் எதை டிக் அடிப்பான்? அந்த ஒரு எழுத்து வித்தியாசத்துல ஒன்பது கேள்விக்கும் மார்க்கு ஆடும். இதே ஃபார்மை இங்கிலீஷ்ல படிச்சவனுக்கு ஆடாது. ஒரே கிளாஸ், ஒரே பெஞ்ச், ரெண்டு அளவுகோல்.

இன்னொண்ணு, "மன அழுத்தம்". நம்ம பத்திரிகைகள்ல இந்த ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டு வேலைப்பளு டென்ஷனையும் சொல்றாங்க, டாக்டர் மருந்து கொடுக்கற நோயையும் சொல்றாங்க. டாக்டர்கள் நோய்க்கு "மனச்சோர்வு"ன்னு தனியா ஒரு சொல் வெச்சிருக்காங்க. தெருவுல யாரும் அதைச் சொல்றதில்லை. பரீட்சைக்கு முன்னாடி நாள் "மன அழுத்தம் இருக்கா?"ன்னு கேட்டா இல்லைன்னு சொல்ற பிள்ளை உண்டா?

சரி, தெருவுல என்னதான் சொல்றாங்க? "மனசு சரியில்லை", "நெஞ்சை அடைக்குது", "தலை பாரமா இருக்கு", "எதுவும் புடிக்கலை", "ஒரே யோசனையா இருக்கு". அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வர்றேன்.

எங்க தெருவுல முதல் வருஷம் இஞ்சினியரிங் படிக்கிற பொண்ணு ஒண்ணு இருக்கு. அதுங்க காலேஜ்ல இந்த ஃபார்ம் வந்திருந்தது. கேட்டேன், எப்படிப் போட்டேன்னு.

"மாமா, பேப்பர் படிக்கறதுல, டி.வி. பாக்கறதுல கவனம் சிதறுதான்னு ஒரு கேள்வி. எங்க வீட்டுல பேப்பரே வாங்கறதில்லை. டி.வி. அப்பா வைக்கறதுதான். நான் என்னத்தப் போடறது? ஜீரோ போட்டுட்டேன்."

பாடத்துல கவனம் இருக்கான்னு கேட்டிருந்தா வேற பதில் வந்திருக்கும். யாரும் கேக்கலை.

அவங்க வீட்டுக்கு எதிர்வீட்டுப் பையன், ரெண்டாம் வருஷம். அவன் சொன்னது இன்னும் முக்கியம். "எனக்கு அழுகையெல்லாம் வர்றதில்லை மாமா. கோவம்தான் வருது. சும்மா சும்மா எரிஞ்சு விழறேன். அதை அவங்க கேக்கவேயில்லையே!" உண்மைதான். பி.எச்.க்யூ-9-ல எரிச்சல், கோவம் பத்தி ஒரு கேள்வியும் கிடையாது. பதின்ம வயசுக்காரங்களுக்குன்னு மாத்தின வடிவத்துல 'எரிச்சல்' சேர்த்திருக்காங்க. பதற்றத்தை அளக்கற ஜி.ஏ.டி-7-லயும் இருக்கு. 18, 19 வயசுல இருக்கறவன் காலேஜ்ல சேர்ந்துட்டாங்கறதுக்காகப் பெரியவனாகி, கோவத்தை விட்டுட்டு சோகமா மாறிடுவானா என்ன?

"எல்லாரும் என்னை ஒதுக்கறாங்க" - இது நோயா, நடப்பா?

ஆராய்ச்சி உலகத்துல இதுக்கு ஒரு சோதனை இருக்கு. ரொம்ப எளிமையா சொல்றேன். ரெண்டு கூட்டத்தோட சராசரி மார்க்கு வேற வேறயா இருந்தா அது மட்டுமே அநியாயம் ஆகாது; நிஜமாவே ஒரு கூட்டம் அதிகமாக் கஷ்டப்படலாம். ஆனா ஒரே அளவு மனச்சோர்வு உள்ள ரெண்டு பேரை எடுத்து, ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு அவங்க பதில் கூட்டத்தைப் பொறுத்து மாறுதுன்னா, கோளாறு அந்தக் கேள்வியில இருக்கு.

இதுக்கு ரொம்பப் பேசப்பட்ட உதாரணம் சி.இ.எஸ்-டி. 1977-ல லெனோர் ராட்லாஃப் உருவாக்கின 20 கேள்விப் பட்டியல். 2000-ல அமெரிக்காவோட நியூ ஹேவன் பகுதி முதியவர்கள் தகவலை வெச்சு ஒரு ஆய்வு வந்தது. அழுகை பத்தின கேள்விக்கு, அதே அளவு மனச்சோர்வுல, ஆண்களைவிடப் பெண்கள் 'ஆமா'ன்னு சொல்றது அதிகம். அதைவிட முக்கியம், "மத்தவங்க என்கிட்ட நட்பா நடந்துக்கலை", "மத்தவங்களுக்கு என்னைப் பிடிக்கலை" இந்த ரெண்டுக்கும் கறுப்பினத்தவர்கள் 'ஆமா'ன்னு சொல்றது அதிகம்.

யோசிச்சுப் பாருங்க. அவங்க சொன்னது நோயோட அறிகுறியா, இல்லை நடக்கறதைச் சொன்னாங்களா?

இதை அப்படியே நம்ம காலேஜுக்குக் கொண்டுவாங்க. டெல்லி எய்ம்ஸ்ல பட்டியலின, பழங்குடி மாணவர்கள் எப்படி ஒதுக்கப்பட்டாங்கன்னு சுகதேவ் தோரட் குழு 2007-லயே அறிக்கை கொடுத்திருக்கு. ரேங்க் என்னன்னு கேட்டு சாதியைக் கண்டுபிடிக்கிற ஹாஸ்டல்ல இருக்கற பிள்ளை "என்னை ஒதுக்கறாங்க"ன்னு டிக் அடிச்சா, அதுக்கு மார்க்கு போட்டு 'உனக்குப் பிரச்சினை'ன்னு அந்தப் பிள்ளையையே கவுன்சிலர்கிட்ட அனுப்பறது எந்த ஊர் நியாயம்? ஒதுக்கினவனுக்கு ஃபார்ம்ல மார்க்கு ஜீரோ. அவன் ஆரோக்கியமானவன்!

பி.எச்.க்யூ-9-லயும் இப்படி ஒரு கேள்வி இருக்கு. தோத்துப்போயிட்டோம், குடும்பத்தைக் கைவிட்டுட்டோம்னு தோணுதாங்கற மாதிரி. அப்பா முதலாளிகிட்ட அட்வான்ஸ் வாங்கி ஃபீஸ் கட்டியிருக்கார். அந்தக் கடன் தீர்ற வரைக்கும் வேற இடத்துக்கு நெசவுக்குப் போக முடியாது. பையனுக்கு மூணு அரியர். அவனுக்குத் தோணாம வேற யாருக்குத் தோணும்? அது அவன் மூளையோட திரிபு இல்லை, வீட்டுக் கணக்கு நோட்டு.

மார்க்கு கணக்கு

கணக்குப் பிடிக்காதவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடலாம், ஆனா தாண்டாதீங்க :-)

1000 பேர் படிக்கற காலேஜ். 100 பேருக்கு நிஜமாவே மனச்சோர்வுன்னு வெச்சுக்குவோம். கேள்வித்தாள் அமெரிக்கக் கிளினிக்ல வேலை செஞ்ச அதே தரத்துல இங்கயும் வேலை செய்யுதுன்னே வெச்சுக்குவோம். 100-ல 88 பேர் மாட்டுவாங்க. 12 பேர் தப்பிடுவாங்க. மீதி 900 பேர்ல 12 சதவீதம், அதாவது 108 பேர் தப்பா மாட்டுவாங்க. பட்டியல்ல மொத்தம் 196 பேர். அதுல பாதிக்கு மேல நோய் இல்லாதவங்க! அதுவும் கருவி நல்லா வேலை செஞ்சா.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. கோவாவுல ஆரம்ப சுகாதார மருத்துவமனைகளுக்கு வந்த 598 பேர்கிட்ட ஐந்து விதக் கேள்வித்தாளைச் சோதிச்சு, விக்ரம் பட்டேல் குழு 2008-ல வெளியிட்டாங்க. 'இருக்கு'ன்னு கேள்வித்தாள் சொன்னவங்கள்ல, நேர்ல பேசிப் பார்த்தப்போ நிஜமாவே இருந்தது 51 முதல் 77 சதவீதம்தான். 2013-ல இந்தியப் பள்ளி மாணவர்கள் 233 பேரை வெச்சு பி.எச்.க்யூ-9-ஐச் சோதிச்சப்போ, 10 இல்லை, 5-ல கோடு போட்டாத்தான் சரியா வருதுன்னாங்க. 10 எங்க, 5 எங்க! கோடு கல்வெட்டு இல்லைங்க. ஆளுக்கு, வயசுக்கு, இடத்துக்கு மாறுது.

தப்பா மாட்டற 108 பேரைவிட எனக்கு அந்த 12 பேரைப் பத்தித்தான் பயம். அந்த 12 பேர் யாரா இருப்பாங்க? மெயில் ஐடியோட, ரோல் நம்பரோட ஃபார்ம் கேட்டா, "இது எச்.ஓ.டி. கைக்குப் போகும், வீட்டுக்கு போன் வரும், படிப்பை நிறுத்திக் கல்யாணம் பண்ணி வெச்சுடுவாங்க"ன்னு பயந்து எல்லாத்துக்கும் ஜீரோ போடற பொண்ணு. "ஆம்பளை இதெல்லாம் சொல்லிக்கறதா"ன்னு வளர்ந்த பையன். கேள்வியே புரியாம, புரியலைன்னு சொல்ல வெக்கப்பட்டு, நடுவுல இருக்கற கட்டத்தை வரிசையா டிக் அடிச்சவன். அதிகம் உதவி வேண்டியவங்களைத்தான் இந்த அளவுகோல் முதல்ல தவற விடும். அநியாயம்னு நான் சொல்றது இதைத்தான்.

அப்போ தூக்கிக் குப்பையில போட்டுடலாமா?

கூடாது. இதைக் கேக்கப் போற நண்பர்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிடறேன்.

கேள்வித்தாளே இல்லைன்னா யாருக்கு உதவி கிடைக்கும்? இங்கிலீஷ்ல சரளமா "ஐ ஆம் டிப்ரஸ்ட்"னு சொல்லி கவுன்சிலர் கதவைத் தட்டத் தெரிஞ்ச பிள்ளைக்கு. 2015-16 தேசிய மனநல ஆய்வுல, மனநலப் பிரச்சினை உள்ளவங்கள்ல சிகிச்சை கிடைக்காதவங்க நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம்னு நிம்ஹான்ஸ் சொன்னது. இந்தப் பள்ளத்தை 'தானா வந்து சொல்லட்டும்'னு விட்டு மூட முடியாது. எல்லார்கிட்டயும் கேக்கறதுல ஒரு சமத்துவம் இருக்கு. கேக்கறதை ஒழுங்காக் கேளுங்கங்கறதுதான் என் கட்சி.

ஒழுங்காக் கேக்க முடியும்ங்கறதுக்கு ஒரு ஊர் சாட்சி: ஜிம்பாப்வே. 1990கள்ல விக்ரம் பட்டேல் அங்க வேலை பார்த்தப்போ, வெள்ளைக்காரன் கேள்வித்தாளை மொழிபெயர்க்கறதோட நிறுத்தலை. அந்த ஊர் ஷோனா மொழியில ஜனங்க தங்களோட மனக்கஷ்டத்தை எப்படிச் சொல்றாங்கன்னு முதல்ல கேட்டாங்க. 'குஃபுங்கிசிசா'ன்னு ஒரு வார்த்தை வந்தது. அர்த்தம்: அளவுக்கு மீறி யோசிக்கறது. ஒரே யோசனையா இருக்கு! அப்பவே சொன்னேன் இல்லையா, திரும்ப வர்றேன்னு. அந்த ஊர்ச் சொல்லை வெச்சே 14 கேள்வி செஞ்சு 1997-ல வெளியிட்டாங்க. அப்புறம் டிக்சன் சிபாண்டாங்கற மனநல மருத்துவர், சுகாதார நிலையத்து வாசல்ல மர பெஞ்சுல பாட்டிங்களை உக்கார வெச்சு, அந்தக் கேள்விகளைக் கேட்டுப் பேச வெச்சார். கேட்டவங்க எதிர்லயே உக்காந்து, பதிலுக்குப் பதில் பேசினாங்க.

ஜிம்பாப்வேக்கு முடிஞ்சது தமிழுக்கு முடியாதா?

நான் கேக்கறது ஐந்தே ஐந்து

1. ஃபார்மைக் கொடுக்கறதுக்கு முன்னாடி இருபது முப்பது பிள்ளைங்களோட உக்காந்து, ஒவ்வொரு கேள்வியும் அவங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு அவங்க வாயாலயே சொல்லச் சொல்லுங்க. தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம், ஆண், பெண், ஹாஸ்டல், பஸ்ல வர்றவங்க, எல்லாரும் இருக்கணும். 'பல நாட்கள்' மாதிரி ஓட்டையெல்லாம் ஒரே மத்தியானத்துல வெளிய வந்துடும். செலவு? டீயும் பிஸ்கட்டும்.

2. மொத்த மார்க்கோட நிக்காதீங்க. எந்தக் கேள்வியில மார்க்கு வந்ததுன்னு பாருங்க. தூக்கம், களைப்பு, சாப்பாட்டுல மட்டும் 8 வாங்கினவனும், விருப்பமில்லாம, நம்பிக்கையில்லாம 8 வாங்கினவனும் ஒண்ணில்லை. ரெண்டு பேர்கிட்டயும் பேசணும். பேச்சு வேற வேறயா இருக்கணும்.

3. மார்க்கு தீர்ப்பு இல்லை. பேச்சை ஆரம்பிக்கறதுக்கு ஒரு சாக்கு. அவ்வளவுதான். அந்த மார்க்கு எச்.ஓ.டி. மேசைக்கோ, ஹாஸ்டல் வார்டன்கிட்டயோ, பிளேஸ்மென்ட் ஆபீஸுக்கோ போகக்கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ம் பிரிவு, மனநோய் உள்ளவரோட விவரம் ரகசியமா இருக்கணும்ங்கற உரிமையைக் கொடுத்திருக்கு. நோய் இருக்கான்னே தெரியாத பிள்ளைக்கு அதைவிடக் குறைஞ்ச மரியாதையா?

4. ஒன்பதாவது கேள்வி. செத்துப்போயிடலாம்னோ, தன்னைக் காயப்படுத்திக்கணும்னோ தோணுதாங்கறது. இதைக் கேட்டா, அன்னைக்கே பதிலைப் படிச்சு அன்னைக்கே அந்தப் பிள்ளையைப் பார்க்க ஒரு மனுஷன் இருக்கணும். 'வெயில்ல செத்தேன்', 'சிரிச்சே செத்தேன்'னு பேசற பாஷை நம்மளோடது. நிஜமாவே மனசு உடைஞ்சவன் "எங்கயாவது போயிடலாம் போல இருக்கு"ன்னு பட்டும் படாமச் சொல்வான். டிக்கை வெச்சு இதைப் பிரிக்க முடியாது. முகத்தைப் பார்த்தாத்தான் தெரியும். ஃபார்ம் பதில் எக்செல் ஷீட்ல மூணு வாரம் தூங்கும்னா, தயவுசெஞ்சு இந்தக் கேள்வியைக் கேக்காதீங்க. உயிரைக் கையில வெச்சுக்கிட்டு ஒருத்தன் முதல்முதலா உண்மையைச் சொல்லியிருப்பான். பதிலே வரலைன்னா, சொன்னாலும் யாரும் வரமாட்டாங்கன்னு அவனுக்கு நாமளே நிரூபிச்சுக் கொடுத்த மாதிரி ஆகும்.

5. ஒரே பதில் நிறையப் பிள்ளைங்ககிட்டேர்ந்து வந்தா, பிள்ளைங்களைத் திருத்தாதீங்க, காலேஜைத் திருத்துங்க. பஸ்ல வர்ற பிள்ளைங்க மொத்தமும் களைப்புன்னு சொன்னா, வேண்டியது கவுன்சிலிங் இல்லை, முதல் பீரியடை அரை மணி நேரம் தள்ளி வைக்கறது. ஒரு சமூகத்துப் பிள்ளைங்க மட்டும் ஒதுக்கறாங்கன்னு சொன்னா, வேண்டியது யோகா கிளாஸ் இல்லை, விசாரணை.

இதுக்கெல்லாம் ஆள் எங்க, காசு எங்கன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். ஆள் இல்லாத இடத்துல 1000 பேருக்கு ஃபார்ம் அனுப்பி 196 பேர் பட்டியலை என்ன பண்ணப் போறீங்கன்னு நான் திருப்பிக் கேப்பேன். பார்க்க முடிஞ்ச அளவுக்குக் கேளுங்க. ஒரு வாரம் ஒரு டிபார்ட்மென்ட்டா எடுத்துக்குங்க. நூறு பேரைக் கேட்டு இருபது பேரோட நிஜமாப் பேசினா, ஆயிரம் பேரைக் கேட்டு அறிக்கை மட்டும் தயார் பண்றதைவிட மேல்.

இதுல நம்மால ஆகக்கூடியது ஒண்ணு இருக்கு. சக பதிவர்கள்ல காரைக்குடிக்காரங்க இருக்கீங்க, நாகர்கோவில், கோவை, யாழ்ப்பாணம், மலேசியாக்காரங்க இருக்கீங்க. உங்க வீட்டுல, உங்க தெருவுல, மனசு கஷ்டத்தை எந்த வார்த்தையில சொல்றாங்க? பாட்டி என்ன சொல்வாங்க, தம்பி என்ன சொல்வான், ஹாஸ்டல் பசங்க என்ன சொல்றாங்க? பின்னூட்டத்துல எழுதுங்க. ஊர் பேரையும் சேர்த்து எழுதுங்க. நூறு வார்த்தை தேறினா ஒழுங்கா வரிசைப்படுத்தி, எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேராசிரியர்கள்கிட்ட கொண்டுபோய்க் கொடுக்கறேன். கேள்வித்தாள் செய்யறது அவங்க வேலை. வார்த்தை கொடுக்கறது நம்ம வேலை.

பி.கு. 1: படிக்கறவங்கள்ல யாருக்காவது மனசு சரியில்லைன்னா, மார்க்கு எவ்வளவுன்னு பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. 14416 - டெலி மானஸ், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச அரசு சேவை. காசு கிடையாது, 24 மணி நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம்.

பி.கு. 2: நான் டாக்டர் இல்லை, மனநல நிபுணரும் இல்லை. துறையில இருக்கறவங்க யாராவது இந்தப் பக்கம் வந்தா கூடுதல் விவரம் சொல்லுங்க. கும்மி அடிக்க வர்றவங்க மட்டும் இந்த ஒரு பதிவை விட்டுடுங்க, அடுத்த பதிவுல வெச்சுக்கலாம் :-)